வெட்டி ஒட்டிய தலையசைப்பு

பாலகாட்டில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளான லைன் ஒன்றில், முனிரத்தினம் என்று ஒருவர் இருந்தார். மாரியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தை அவர் மீறிவிட்டார் என்று லைனில் இருந்த அத்தனை வீடுகளும் நம்பின. அவர் மீறவில்லை. மீறியதுபோல் படத்தில் காட்டியவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. செய்யும்போதே தெரியும்.

ஆவணப்படம் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கேமராவைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எடுத்து முடித்தபிறகு, எடிட்டிங் அறையில், பசியும் அவசரமுமாக உட்கார்ந்திருக்கும்போது சில முடிவுகளை எடுக்கிறோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்த நேரத்தில் நம் கையில் இருப்பவர்கள் யாரும் நம் எதிரே இல்லை. அதனால் நமக்குத் துணிச்சல் கூடிவிடுகிறது.

நான் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருக்காரன். எங்கள் வீட்டில் யாரும் சுரங்கத்தில் இறங்கியதில்லை. இறங்கியவர்களுக்கு அரிசி பருப்பு விற்றோம். பெங்களூரில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, எங்கள் ஊரைப் பற்றிப் படமெடுக்க வேண்டும் என்ற ஆசையோடு திரும்பி வந்தபோது சுரங்கம் மூடிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தச் சமயத்தில்தான் வெளியூர்க் குப்பையை லாரிகளில் கொண்டுவந்து பழைய பள்ளங்களில் கொட்டப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. தங்கம் பிரித்தபின் கொட்டிவைத்த சைனைட் மேட்டின் தூசி போதாதென்று இதுவேறா என்று ஊர் கொதித்தது. எனக்குப் படம் கிடைத்துவிட்டது.

முனிரத்தினம், சுரங்கத்துக்குள் ஆட்களைக் கொண்டுபோகும் கேஜ் ஏறவும் இறங்கவும் மணியடித்துச் சைகை கொடுக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆடி மாதம் அந்த லைன் மாரியம்மனுக்குக் கரகம் எடுப்பவர். குப்பை விஷயத்தில் லைனை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தவரும் அவர்தான். லைன் வீடுகளுக்குப் பத்திரம் கிடையாது. இருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். பத்திரம் வாங்கித் தருகிறோம், குப்பைக்குச் சம்மதம் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு வீடாக யாராவது வந்து ஆசை காட்டினால் லைன் உடைந்துபோகும் என்று அவர் பயந்தார். அதனால் வீட்டுக்கு ஒருவராக எல்லாரையும் கோயிலுக்கு அழைத்து, எரிகிற கற்பூரத்தின்மேல் கைவைத்து அணைக்கச் சொன்னார். தனியாக யாரும் எதற்கும் தலையசைக்க மாட்டோம் என்பது சத்தியம். அதை நான் படமெடுத்தேன். முதலில் கைவைத்தவர் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பக்கத்து டீக்கடையில் கேமராவை வைத்துக்கொண்டிருந்தோம். வீட்டுத் தரகர் ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அடிக்கடி வந்து போகிறவர். கேமராவைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“இன்னா சார், குப்ப குப்பன்னு கத்திக்கினு கீறாங்க? வூட்டுக்குப் பத்திரம் வந்தா குப்ப வந்தா இன்னா, வராட்டி இன்னா? வாயில வேணாம்பாங்க. மனசுல எல்லாருக்கும் ஆசதான். கேட்டுப் பாருங்க.”

கடையில் அப்போது இருந்தது டீக்கடைக்காரரும் கனகா என்ற பெண்ணும்தான். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். கனகா கணவனை இழந்தவள். விடியற்காலை ரயிலில் பெங்களூர் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவள். பள்ளிக்கூடம் போகிற மகளை அதுவரை லைன்தான் பார்த்துக்கொள்ளும். ஒருநாள் ஒரு வீட்டில் சோறு, மறுநாள் இன்னொரு வீட்டில். பால் வாங்க வந்திருந்தவள், தரகர் பேசப்பேசத் தன்னையறியாமல் தலையை ஆட்டினாள். கேமரா அவள் மேல் இருந்தது.

தரகர் போனதும் அவள் என்னிடம் வந்தாள்.

“அண்ணா, நான் தலையாட்டினது வேணாம்ணா. எடுத்துடுங்க. நானும் கற்பூரத்துல கை வச்சிக்கீறேன். பொண்ண வச்சினு தனியா கீறவ. இவங்கள வுட்டா எனக்கு யாரும் இல்ல.”

“நீ படத்தில் வரவே மாட்டாய் அம்மா” என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன். நம் தொழிலில் ஒருவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு செய்கிற காரியங்களில்தான் நிறையக் கவனம் வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் பங்காருபேட்டை பஸ்ஸில் இருந்து இறங்கி முனிரத்தினம் வந்தார். அதே பெஞ்சில் உட்கார்ந்தார். வெளிச்சம் நன்றாக இருந்தது. வெள்ளை மீசையும் குழி விழுந்த கன்னமுமாக நல்ல முகம். பிறகு எங்காவது பயன்படும் என்று, பேசாமல் உட்காரச் சொல்லி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் எடுத்தோம். கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வதும், பேச்சு வெட்டுப்படும் இடத்தில் அதைச் செருகுவதும் உங்களுக்கும் பழக்கம்தான். ரொம்ப விறைப்பாக இருக்கிறாரே என்று, “நாஸ்டா ஆச்சாணா?” என்று காலைச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் மெதுவாக, யோசித்து, தலையை ஆட்டினார்.

எடிட்டிங் பெங்களூரில் நடந்தது. தொலைக்காட்சியில் படத்தை ஒளிபரப்பத் தேதி குறித்துவிட்டார்கள். தரகர் பேச்சு நீளம்; நடுவில் இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும். வெட்டினால் படம் துள்ளும். அதை மறைக்க ஒரு முகம் தேவை. கனகாவின் முகத்தை வைக்கக்கூடாது. நான் முனிரத்தினத்தின் முகத்தை எடுத்துக் கொடுத்தேன்.

எனக்கு எடிட்டிங் கற்றுக்கொடுத்த பெரியவர்தான் அன்று இயந்திரத்தின் முன்னால் இருந்தார். ஒட்டிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, “இவர் இந்தப் பேச்சைக் கேட்டாரா?” என்றார்.

“இல்லை. அப்போது ஊரில் இல்லை.”

“பேச்சை வெட்டினால் பேசினவன் சண்டைக்கு வருவான். முகத்தை வெட்டினால் முகத்துக்குச் சொந்தக்காரனுக்கே தெரியாது. யோசித்துக்கொள்.”

“தலையாட்டல்தானே சார். யார் கவனிக்கப்போகிறார்கள்?” என்றேன். பெங்களூரில் யாரும் கவனிக்க மாட்டார்கள்தான். வேறு ஊர்க்காரருக்கு அது ஒரு கிழவர் தலையாட்டுவது. சத்தியம் செய்த லைனில் அது என்னவாகும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தியத்தையே படமெடுத்தவன் நான். தெரிந்தும், ஒளிபரப்புக்கு முன்னால் லைனிலேயே படத்தைப் போட்டுக்காட்ட ஏற்பாடு செய்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

கோயில் பக்கத்துக் கூடத்தில் சாயங்காலம் படம் போட்டோம். தொலைக்காட்சியில் இருந்து இரண்டு பேர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் வீடு, தங்கள் குழாயடி, தங்கள் ஆடு எல்லாம் திரையில் வர வர ஒரே சிரிப்பும் சீட்டியும். தரகர் வந்ததும், “தோ வந்துட்டாரு மாப்பிள்ள” என்று யாரோ கத்தினார்கள். அவர் பேசினார். ‘மனசுல எல்லாருக்கும் ஆசதான்’ என்றார். திரை முழுவதும் முனிரத்தினத்தின் முகம். மெதுவாக, யோசித்து, தலை ஆடியது.

கூடம் அடங்கிவிட்டது. பின்னாலிருந்து தையல்காரர் ஏழுமலையின் குரல் வந்தது. லைனில் வாய்த்துடுக்கானவர் அவர்.

“இன்னா நைனா, எங்க கையயெல்லாம் நெருப்புல வைக்கச் சொல்லிட்டு, உன் தல மட்டும் தானா ஆடுது?”

சிலர் சிரித்தார்கள். படம் ஓடி முடிந்தது. விளக்கைப் போட்டதும் முனிரத்தினம் எழுந்து என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகத்தில் சந்தேகம்தான் இருந்தது. தன்மேலேயே சந்தேகம்.

“தம்பி, நான் ஆட்டினேனா?”

அந்தத் தரகர் பல தடவை வந்து போனவர். எந்தத் தடவை யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று யாருக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவருக்கே முடியவில்லை. திரையில் பார்த்ததை அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

நண்பர்களே, வாயைத் திறந்து, ‘அது நான் ஒட்டியது’ என்று சொல்ல வேண்டியது மட்டும்தான் என் வேலை. தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு இடம் ஒட்டு என்றால் படம் முழுவதும் ஒட்டா என்பார்கள். நான்கு வரிசை தள்ளி மகளை மடியில் வைத்துக்கொண்டு கனகா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று பின்னால் எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவளை இழுக்காமலே சொல்லியிருக்கலாம். என் படத்துக்காகப் பேசாமல் இருந்தேன்.

“எல்லாம் எடுத்தபடிதான் இருக்குணா” என்றேன்.

அந்த ஆடியில் கரகம் எடுக்க வேறொருவரை வைத்துக்கொண்டார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. ‘இந்த வருசம் ஒடம்பு முடியலன்னு இருந்துக்கோ’ என்று மரியாதையாகவே சொன்னார்களாம். அடுத்த வருஷமும் மரியாதையாகவே கூப்பிடாமல் விட்டார்கள். குப்பைப் பேச்சு அதற்குள் தானாகவே அமுங்கிப்போனது. படத்துக்கு இரண்டு இடத்தில் பாராட்டு கிடைத்தது.

ஒருநாள் அவர் எங்கள் கடைக்கு வந்தார். நான் ஊருக்கு வந்திருக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினார்.

“கேஜுக்கு மணியடிக்கிறப்ப, ஒரு மணி தப்பா அடிச்சா கீழ கீறவன் செத்துடுவான் தம்பி. நான் ஒரு நாளும் தப்பா அடிச்சதில்ல. தலய மட்டும் தப்பா ஆட்டிட்டேனான்னு ரோசன பண்ணிப் பாத்துக்கினே கீறேன். எதுக்கு ஆட்டினேன்னு ஒரு தபா போட்டுக் காட்டேன். என் வூட்டுக்காரிக்கு மட்டும் காட்டினா போதும்.”

“அந்த டேப்பெல்லாம் அழிச்சுட்டோம்ணா” என்றேன்.

டேப் என் அலமாரியில் இருந்தது. அவர் கால் கிலோ சர்க்கரை வாங்கிக்கொண்டு போனார்.

என்னை அசைத்தது மனசாட்சி என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். சில வருஷங்கள் கழித்து, பெங்களூரில் உங்களைப் போன்றவர்களுக்கு நடந்த ஒரு பயிலரங்கில் அந்தப் படத்தைத் திரையிட்டார்கள். ஒரு பெண் எழுந்து, “சார், அந்தத் தாத்தா தலையாட்டும் ஒரு ஷாட்தான் இந்தப் படத்தின் உயிர். போராடுகிறவருக்குள்ளேயே இருக்கும் பலவீனத்தை நீங்கள் ஒரு வார்த்தை இல்லாமல் காட்டிவிட்டீர்கள்” என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் ஏதோ பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுவாரமே டேப்பைக் கணினிக்கு மாற்றிக்கொண்டு பாலகாட் போனேன். முனிரத்தினத்தின் வீட்டுக்குத்தான் முதலில் போயிருக்க வேண்டும். அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் காட்டியிருந்தால் போதும். அவர் கேட்டதும் அதைத்தானே? ஆனால் நாலு பேர் முன்னால் கெடுத்ததை நாலு பேர் முன்னால்தான் சரிசெய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வீராப்பு. ஞாயிற்றுக்கிழமை பார்த்து அதே கூடத்தில் எல்லாரையும் கூப்பிட்டேன். ஆடிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

தப்பு என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் போட்டுக்காட்டினேன். திரையில் முனிரத்தினம். பின்னாலிருந்து என் குரல், ‘நாஸ்டா ஆச்சாணா?’ தலை ஆடுகிறது. அவ்வளவுதான் அந்தத் துண்டு. மூன்று முறை போடச் சொன்னார்கள். மூன்றாவது முறை ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டார்.

“அடப்பாவி, நாஸ்டாவுக்கா ஆட்டின! நாலு இட்லிக்கு ஆட்டின தலைக்கா இத்தினி வருசம் கரகத்தப் புடுங்கி வச்சிருந்தோம்?”

கூடம் முழுவதும் சிரிப்பு. ஒருவர் முனிரத்தினத்தின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவரோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நெஞ்சு லேசாகி நின்றேன். அந்த நிமிஷத்தோடு கணினியை மூடிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

ஏழுமலை சிரித்துக்கொண்டேதான் கேட்டார். “சரி சார். அந்த எடத்துல வைக்க ஒரு மூஞ்சி வேணும்னு இவரு மூஞ்சிய வச்சீங்க. அப்ப நெசமா அங்க யாரு கீறாங்க? யாரு தல ஆடுச்சி?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷம் கேள்வி கேட்டே பிழைத்தவனுக்கு இது தோன்றவில்லை. யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கண் கூடத்தின் இடது ஓரத்துக்குப் போய்விட்டது. கனகா அங்கே தூணோரமாக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் உயரமாக வளர்ந்துவிட்ட மகள்.

ஒரு கணம்தான். உடனே திருப்பிக்கொண்டேன். ஆனால் கூடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் கண் போன இடத்துக்கு ஒவ்வொரு கண்ணாகப் போனது.

“நான்தான்பா.”

சொல்லிக்கொண்டே முனிரத்தினம் எழுந்து நின்றார்.

“நீயா? இப்பத்தான பாத்தோம், நாஸ்டாவுக்குன்னு?” என்றார் ஏழுமலை.

“நாஸ்டாவுக்கும் ஆட்டினேன். அந்தாளு பேசுறப்பவும் ஆட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு தபாதான் தல ஆடணும்னு கவர்மென்ட்டு ஆர்டரா? பத்திரம்னா யாருக்குடா ஆச இல்ல? உனக்கு இல்லியா?”

“இத்தினி வருசமா இல்லன்னு சொல்லிக்கினு கீறியே நைனா!”

“இப்ப ஆமான்றேன். போயி வேலயப் பாருங்க.”

அவர் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு அவரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் எழுந்து வெளியே போனாள். பெஞ்சுகளை ஓரமாக நகர்த்திவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கனகா இருந்த பக்கம் யாரும் போகவில்லை.

அவர் சொன்னதை லைன் நம்பியதா என்று எனக்குத் தெரியாது. நம்பியதாக வைத்துக்கொண்டார்கள், அதனால் கரகம் அவரிடம் திரும்பி வரவில்லை. நம்பாததாகவும் வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. கனகாவின் மகளுக்குச் சாயங்காலங்களில் எந்த வீட்டிலும் கதவு மூடவில்லை. ஆனால் யாரும் கூப்பிடவும் இல்லை. ஆடிக்கு முன்னால் கனகா பெங்களூரில் கார்மென்ட்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டாள்.

படத்தின் அந்த இடத்தை எடுத்துவிட்டு, இதற்கு முன் காட்டிய தலையசைப்பு உண்மையில்லை, இயக்குநர் ஒட்டியது என்று தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டேன். தொலைக்காட்சியில் பழைய பிரதியை மாற்றச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை. இணையத்தில் இன்றும் பழைய பிரதிதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் அதைத்தான் பார்த்திருப்பீர்கள்.

கனகா வீடு காலி செய்கிற அன்று நான் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். வாசலில் டெம்போ நின்றது. பீரோவையும் கட்டிலையும் முனிரத்தினம்தான் ஆள்வைத்து ஏற்றிக்கொண்டிருந்தார். கனகா அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

“படத்துல நான் வரவே இல்லண்ணா. சொன்ன வாக்கக் காப்பாத்திட்டீங்க” என்றாள். குத்தலா, உண்மையாகவே சொன்னாளா என்று அந்த முகத்தில் எனக்குத் தெரியவில்லை. முகங்களைப் படிப்பவன் என்று பெயர் வாங்கியவன் நான். அவள் அடுப்பை வண்டிக்குள் வைத்துவிட்டு மகளைக் கூப்பிட உள்ளே போனாள்.

முனிரத்தினம் வண்டிமேல் நின்று சாமான்களுக்குக் குறுக்காகக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் நடந்ததற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதில்லை. கயிற்றில் முடிச்சுப் போட்டபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“படத்த நீ ஒட்டின, அது போவட்டும். வேல அவசரம். அன்னிக்கு ஏன் தம்பி அந்தப் பக்கம் பாத்த?”

நான் வாசலைப் பார்த்தேன். கனகா இன்னும் வரவில்லை.

அவர் கயிற்றின் மறுமுனையை என் பக்கம் எறிந்தார்.

“இழுத்துப் புடி” என்றார்.

பிடித்தேன்.